மாதத்துக்கு ஒரு நோயாளி: அங்கவடி எலும்பு அறுவையைப் பி.ஜி. மாணவருக்குப் பழக்குவது எப்படி?

காது மூக்கு தொண்டைத் துறையில் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். செவிப்பறை ஒட்டும் அறுவை உங்கள் தியேட்டரில் வாரம் ஐந்தாறு நடக்கும். காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பின் அறுவையும் அப்படித்தான். ஆனால் ஸ்டேபிடாட்டமி, அதாவது நடுக்காதில் இறுகிப்போன அங்கவடி எலும்பில் (ஸ்டேபீஸ்) துளையிட்டுப் பிஸ்டன் என்ற சிறு செயற்கைத் தண்டைப் பொருத்தும் அறுவை, மாதத்துக்கு ஒன்று வந்தாலே பெரிது. மூன்று ஆண்டுப் படிப்பில் ஒன்பது பி.ஜி. மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12 அறுவையைச் சமமாகப் பங்கு போட்டால், படித்து முடிப்பதற்குள் ஆளுக்கு நான்கு கிடைக்கும். இந்த அறுவையில் கை நிலைப்பட 60 முதல் 80 வரை செய்ய வேண்டியிருக்கிறது என்று கற்றல் வளைவை அளந்த ஆய்வுகள் சொல்கின்றன. நான்கு எங்கே, அறுபது எங்கே!

நான் பி.ஜி.யாக இருந்தபோது இரண்டு ஆண்டுகள் மைக்ராஸ்கோப்பின் பக்கக் குழாயில் கண்ணை வைத்து இந்த அறுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் சார் திடீரென்று எழுந்து, "வா, நீ பண்ணு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்போது அங்கவடியின் அடித்தட்டான ஃபுட்பிளேட் கண்ணெதிரே திறந்து கிடந்தது. நான் அதுவரை செவிப்பறை ஃபிளாப்பைக்கூட முழுதாகத் தூக்கியதில்லை. துளையிடும் கருவியான பெர்ஃபரேட்டரை வைத்துச் சற்று அழுத்தினேன். துளை விழவில்லை. தட்டு மொத்தமாக விடுபட்டு மிதக்க ஆரம்பித்தது. சார் கருவியை வாங்கி, மேற்கொண்டு எதையும் தொடாமல் மூடிவிட்டார். அந்த அம்மாவை அதன்பிறகு ஓ.பி.யில் காதொலிக் கருவியோடு பலமுறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது.

பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு நான் வந்தபின் பிடித்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்: அரிதான அறுவையைப் பழக்க அரிதான நோயாளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அறுவையில் உண்மையிலேயே புதிதான வேலை இரண்டு மூன்றுதான். மற்றதையெல்லாம் தினமும் நடக்கும் அறுவைகளிலும், மேசையிலும், ஆட்டுத் தலையிலும் முன்கூட்டியே பழக்கிவிடலாம். நோயாளி வந்து படுக்கும் நாளில் மாணவரின் கைக்குப் புதிதாக ஒரு படிக்கு மேல் இருக்கக் கூடாது.

முதல் வேலை: அறுவையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். காதுக்குழாயில் மரப்பு ஊசி போடுதல். செவிப்பறையோடு சேர்த்துத் தோல் ஃபிளாப்பைத் தூக்குதல். பின்மேல் விளிம்பு எலும்பைச் சுரண்டி, நாக்கின் சுவையுணர்வைக் கடத்தும் கார்டா டிம்பனி நரம்பைக் காப்பாற்றுதல். எலும்புகளின் அசைவைத் தொட்டுப் பார்த்தல். அங்கவடியோடு மூட்டாகச் சேரும் பட்டடை எலும்புக்கும் ஃபுட்பிளேட்டுக்கும் உள்ள தூரத்தை அளத்தல். மூட்டைப் பிரித்து, தசைநாணை வெட்டி, அங்கவடியின் மேல் வளைவை எடுத்தல். துளையிடுதல். பிஸ்டனைப் பொருத்துதல். மூடுதல்.

இதில் ஊசியும், ஃபிளாப்பும், மூடுதலும் செவிப்பறை ஒட்டும் அறுவையில் அப்படியே வருகின்றன. எலும்புச் சங்கிலி சீரமைப்பில் விளிம்பு எலும்பைச் சுரண்டும் வேலை வரும், அசைவைப் பார்க்கும் வேலையும் வரும். ஆக, பாதி அறுவையை உங்கள் மாணவர் ஏற்கெனவே வாரந்தோறும் செய்துகொண்டிருக்கிறார். யாரும் அவரிடம் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லுங்கள். "இன்னிக்கு ஃபிளாப் எடுக்கும்போது கிழியாம எடுக்கணும், ஸ்டேபீஸ் கேஸ்ல கிழிஞ்சா மேல போக முடியாது" என்று சொல்லிவிட்டால், அதே பழைய அறுவை வேறு கவனத்தோடு நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்கென்று எந்த நோயாளிக்கும் தேவையில்லாத எலும்பைச் சுரண்டக் கூடாது. அந்த அறுவைக்கே அந்தப் படி வேண்டியிருந்தால்தான் மாணவர் கைக்குப் போக வேண்டும். இதில் சமரசமே இல்லை.

அசைவைத் தொட்டுப் பார்ப்பதைப் பற்றி ஒரு சொல். 1952இல் நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் வேறொரு அறுவையைத் தொடங்குமுன், அங்கவடி இறுகியிருக்கிறதா என்று உறுதிசெய்யத் தொட்டுப் பார்த்தார். எலும்பு அசைந்துவிட்டது, மரப்பூசியில் விழித்திருந்த நோயாளிக்கு அந்தக் கணமே காது கேட்டது. அங்கவடியை அசைத்துவிடும் சிகிச்சை அப்படித்தான் பிறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து 1956இல் ஜான் ஷே அங்கவடியையே எடுத்துவிட்டு, அதன் இடத்தில் டெஃப்லான் வைத்தார். இன்று நாம் செய்வது அதன் வழிவந்ததுதான். விரல் நுனியில் உணரும் அந்தச் சிறு அசைவை மாணவர் நூறு காதுகளில் உணர்ந்திருக்க வேண்டும். இயல்பான அசைவு கைக்குத் தெரிந்தால்தான் இறுக்கம் தெரியும்.

இரண்டாவது: மேசை, முட்டை, நாற்காலி

அளவுகளை முதலில் மனத்தில் பதிய வையுங்கள். அங்கவடி நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. அதன் அடித்தட்டான ஃபுட்பிளேட் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், 1.4 மில்லிமீட்டர் அகலம். அதில் நாம் போடும் துளை 0.6 முதல் 0.8 வரை. அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே உட்காதின் சவ்வுப் பைகள் இருக்கின்றன. அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் நோயாளி ஒரு காதை நிரந்தரமாக இழக்கலாம். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுவதைவிட, வரைபடத் தாளில் உண்மை அளவில் வரையச் சொல்லுங்கள். அந்தப் புள்ளி அளவு நீள்வட்டத்தைப் பார்த்ததும் மாணவர் முகம் மாறும். அந்த முகமாற்றம் வேண்டும்.

பிறகு முட்டை. வேகவைக்காத கோழிமுட்டை ஒன்றைக் களிமண்ணில் பதித்து, ஓட்டின் மேல் பென்சிலால் 3 மி.மீ. நீள்வட்டம் வரையுங்கள். அதன் மேல் காது ஸ்பெகுலம் (காதுக்குள் வைத்துப் பார்க்கும் சிறு புனல்) ஒன்றை நிறுத்திப் பிடிமானம் கொடுங்கள். மைக்ராஸ்கோப்பின் கீழ், 0.7 மி.மீ. வைரப் பர்ரால் (டிரில்லின் சுழலும் முனை) முட்டை ஓடு மட்டும் துளைபட வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியக் கூடாது. கிழிந்தால் வெள்ளைக்கரு கசியும். மறுபேச்சே இல்லை, தோல்வி. ஒரு முட்டையில் பத்துத் துளை போடலாம். பத்தில் ஒன்பது கசியாமல் வரும்வரை அடுத்த படிக்கு அனுப்பாதீர்கள். மைக்ரோ டிரில் தியேட்டரை விட்டு வெளியே வராது என்றால், கையால் சுழற்றும் பெர்ஃபரேட்டரில் பழக்குங்கள். சொல்லப்போனால் அதுவே மெல்லிய அழுத்தத்தை நன்றாகச் சொல்லித்தரும்.

இந்தக் கட்டத்தில் நாற்காலியைக் கவனியுங்கள். நடுக்கம் என்று நாம் சொல்வதில் பாதி உட்காரும் விதத்தால் வருகிறது. தோள் தூக்கியிருக்கும், முழங்கை காற்றில் தொங்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். உயரத்தைச் சரிசெய்து, முழங்கைக்குத் தாங்கல் கொடுத்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஸ்பெகுலத்திலோ நோயாளியின் தலையிலோ ஊன்றச் சொல்லுங்கள். கருவி கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உருள வேண்டும். மணிக்கட்டு அசையவே கூடாது.

பிஸ்டனுக்கும் ஒரு மேசைப் பயிற்சி உண்டு. காலாவதியான டெஃப்லான் பிஸ்டன்களைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பியில் சேருங்கள். நீளத்தை அளந்து பிளேடால் வெட்டவும், வளையத்தைப் பிக் என்ற மெல்லிய ஊசிக் கருவியால் விரித்து, பல்குத்தும் குச்சியின் மெல்லிய முனையில் ஸ்பெகுலம் வழியாக மாட்டவும் பழக்குங்கள். விரித்த டெஃப்லான் வளையம் தானாகவே மெல்ல மூடிக்கொள்ளும், அதனால் தாமதிக்க நேரமில்லை. இந்த அவசரம் மேசையிலேயே பழகிவிட்டால் தியேட்டரில் பதற்றம் குறையும்.

மூன்றாவது: ஆட்டுத் தலை

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. காது அமைந்திருக்கும் டெம்போரல் எலும்பு மனிதருடையதாக எளிதில் கிடைப்பதில்லை. ஆட்டுத் தலையோ காலை ஆறு மணிக்குக் கறிக்கடையில் தொங்குகிறது. செம்மறியாட்டின் நடுக்காது அமைப்பில் மனிதக் காதை நன்றாக ஒத்திருக்கும், அளவில் சிறியது. சிறியதில் பழகிய கைக்குப் பெரியது எளிது.

கடைக்காரரிடம் முன்னாளே சொல்லி வையுங்கள்: "தலையை வாட்டாதீங்க, பிளக்காதீங்க, அப்படியே வேணும்." நம் ஊரில் தலைக்கறி என்றால் தீயில் வாட்டி மயிரைச் சுரண்டிப் பாதியாகப் பிளந்துதான் கொடுப்பார்கள். வாட்டிய தலையில் செவிப்பறை காய்ந்து சுருண்டிருக்கும், ஃபிளாப் எடுக்கவே முடியாது. நான் முதல்முறை வாங்கிய நான்கு தலைகளும் அப்படி வீணாயின. அன்று வாங்கியதை அன்றே பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் உறைய வைத்து, முந்தைய இரவு வெளியே எடுத்து வையுங்கள்.

வெளிக்காதை வெட்டியெடுத்து, மென்திசுவை நீக்கி, எலும்புக் குழாயின் விளிம்பை டிரில்லால் அகலப்படுத்தினால் செவிப்பறை தெரியும். அதற்குப் பிறகு வரிசை மாறாமல் செய்ய வையுங்கள்: ஃபிளாப், சுரண்டல், கார்டா, மூட்டு, தசைநாண், துளை, பிஸ்டன். எலும்பைச் சுரண்டும்போது சுரண்டும் கருவியான க்யூரெட் ஒருபோதும் பட்டடை எலும்பை நோக்கித் தள்ளப்படக் கூடாது. உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றி இழுக்க வேண்டும். அங்கவடியின் தசைநாண் வெளிவரும் பிரமிட் முனையும் முக நரம்பின் எலும்புக் குழாயும் தெரியும்வரை சுரண்டல் முடியவில்லை என்று பொருள். புதியவர்கள் பொறுமை இழந்து முன்பே நிறுத்திவிடுவார்கள். பிறகு மறைந்திருக்கும் தட்டில் கண்மூடித்தனமாகத் துளைபோடப் போவார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

அங்கவடியை இறுக வைக்கும் எலும்பு நோயான ஆட்டோஸ்கிளீரோசிஸ் ஆட்டுக்குக் கிடையாது, அதனால் அதன் ஃபுட்பிளேட் அசையும். இது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசையும் தட்டில், அதை மிதக்கவிடாமல் துளைபோடக் கற்ற கைக்கு இறுகிய தட்டு அவ்வளவாகப் பயம் காட்டாது. இரண்டு முறைகளையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: மேல் வளைவை எடுத்துவிட்டுத் துளைபோடுவது ஒன்று, சுவிஸ் காது அறுவை மருத்துவர் உகோ ஃபிஷ் காட்டிய தலைகீழ் வரிசையில், வளைவு இருக்கும்போதே துளைபோட்டுப் பிஸ்டனையும் பொருத்திவிட்டு, கடைசியில் வளைவை எடுப்பது இன்னொன்று. இரண்டாவதில் தட்டு மிதக்கும் வாய்ப்பு ஏன் குறைவு என்று மாணவர் அன்று கையாலேயே புரிந்துகொள்வார்.

சில மாணவர்களுக்கு ஆட்டுத் தலையைத் தொட மனம் ஒப்பாது. வற்புறுத்தாதீர்கள், 3டி அச்சு எலும்பு கொடுங்கள். எல்லோருக்கும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். எலும்புத்தூள் பறக்கும். மிச்சத்தை மஞ்சள் பையில் போட்டு முறையாக அனுப்புங்கள்.

மனித எலும்பு கிடைத்தால் அது பொக்கிஷம். உடற்கூறியல் துறையோடு பேசுங்கள். உடல் தானமாக வந்த ஒருவரின் எலும்பு என்பதை மாணவருக்கு நினைவூட்டி, முறையாகப் பதிவு செய்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். முட்டையிலும் ஆட்டிலும் தேறாத மாணவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம். கணினிப் பயிற்சிக்கு, கோபன்ஹேகனில் உருவான விசிபிள் இயர் சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. மாஸ்டாய்டு அறுவைக்கு அது மிக நல்லது. ஆனால் அங்கவடியில் கைக்குத் தெரியும் அந்த மெல்லிய தொடுகை எனக்கு அதில் கிடைக்கவில்லை.

நான்காவது: யாருக்குச் செய்யலாம் என்று மாணவரே சொல்லட்டும்

அறுவை தியேட்டரில் தொடங்குவதில்லை. மாணவர் தன் கையால் 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை வைத்து ரின்னே எதிர்மறை, அதாவது காற்றுவழியைவிட எலும்புவழியாக நன்றாகக் கேட்கிறது, என்று உறுதிசெய்ய வேண்டும். கேட்டல் அளவை வரைபடமான ஆடியோகிராமில் என்ன எழுதியிருந்தாலும் சரி, ஃபோர்க் ஒத்துப்போகவில்லை என்றால் அறுவை இல்லை. 2000 ஹெர்ட்ஸில் எலும்புவழிக் கேட்டலில் விழும் கார்ஹார்ட் பள்ளத்தை அவரே காட்டட்டும். பெரிய ஒலிக்கு அங்கவடியின் தசை தானாகச் சுருங்கும் ஸ்டேபீடியல் ரிஃப்ளெக்ஸ் இல்லை என்பதை அவரே பார்க்கட்டும். ரிஃப்ளெக்ஸ் இருந்துகொண்டே காற்றுவழிக் கேட்டலுக்கும் எலும்புவழிக் கேட்டலுக்கும் இடைவெளி தெரிந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். உட்காதின் மேல் அரைவட்டக் குழாயின் எலும்பு திறந்திருக்கும் நிலையும் இப்படி ஏமாற்றும். 1998இல் லாய்ட் மைனர் அதை விவரிக்கும்வரை பலருக்கும் அங்கவடி அறுவை வீணாக நடந்திருக்கிறது.

மாணவர் தொடப்போகும் காது எப்படி இருக்க வேண்டும்? பெரியவர், அகலமான காதுக்குழாய், இரண்டில் மோசமான காது, முதல்முறை அறுவை. கேட்கும் காது அது ஒன்றுதான் என்றால் மாணவர் தொடக் கூடாது; நீங்களே தொடுவதற்கும் பத்து முறை யோசிக்க வேண்டும். மறு அறுவை, குழந்தை, தட்டு தடித்து மூடிப்போன காது ஆகிய மூன்றிலும் மாணவர் பார்வையாளர் மட்டுமே.

நோயாளியிடம் உண்மையைச் சொல்லுங்கள். "நான் பக்கத்திலேயே இருப்பேன், சில பகுதிகளை இந்த டாக்டர் என் மேற்பார்வையில் செய்வார்" என்று முன்னாளே, மாணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை.

ஐந்தாவது: தியேட்டரில்

இந்த அறுவையைப் பெரும்பாலும் மரப்பு ஊசியில் செய்கிறோம். நோயாளி விழித்திருப்பார். தலை சுற்றினால் சொல்வார், கேட்டால் சொல்வார். அது பெரிய பாதுகாப்பு. ஆனால் உங்கள் பேச்சும் அவர் காதில் விழுகிறது. "ஐயோ", "அப்படி இல்லப்பா", "எத்தனை தடவை சொல்றது" இவையெல்லாம் அந்த அறையில் ஒலிக்கவே கூடாது. படுத்திருப்பவரின் இதயம் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், காதுக்குள் ரத்தம் கசியும், பார்வை மறையும். கடிந்து சொன்ன ஒரு வார்த்தை அறுவையையே கெடுக்கும்.

அதனால் முன்னாளே மூன்று சொற்களை ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நாங்கள் வைத்திருப்பவை இவை. "ஸ்டாப்" என்றால் கை இருக்கும் இடத்தில் அப்படியே உறைய வேண்டும். "வெளியே" என்றால் வந்த வழியிலேயே மெதுவாகக் கருவியை எடுக்க வேண்டும். "மாத்திக்கலாம்" என்றால் நாற்காலி மாறுகிறோம், கேள்வி கிடையாது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நீங்கள் "ஸ்டாப்" என்றதும் புதியவர் பதறிக் கையை வெடுக்கென்று வெளியே இழுப்பார். கருவியின் கொக்கி பட்டடை எலும்பில் மாட்டி அதையும் இழுத்துக்கொண்டு வரும். ஆட்டுத் தலையில் பழகும்போதே இந்தச் சொற்களைப் பயன்படுத்துங்கள். உறைந்து நிற்பதும் ஒரு பயிற்சிதான்.

படிகளைக் கொடுக்கும் வரிசைக்கு வருவோம். முதல் இரண்டு மூன்று அறுவைகளில் ஊசி, ஃபிளாப், மூடுதல் மட்டும். அவை சுத்தமாக வந்தபின் சுரண்டலும் கார்டாவும். அப்புறம் தூரத்தை அளப்பது: பெரும்பாலும் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும், மாணவர் ஒரு முறையும் நீங்கள் ஒரு முறையும் அளந்து ஒத்துப்பார்க்க வேண்டும். அடுத்து, நீங்கள் துளைபோட்டபின் பிஸ்டனை மாணவர் வைக்கட்டும். துளையிடுதல் கடைசிக் கடைசியில். அதுவும் தட்டின் நடுவுக்கும் பின் மூன்றிலொரு பங்குக்கும் இடையில், நீங்கள் சுட்டிக்காட்டிய இடத்தில் மட்டும்.

ஒவ்வொரு படிக்கும் நேர எல்லை வையுங்கள். ஃபிளாப்புக்கு இவ்வளவு நிமிடம், தாண்டினால் "மாத்திக்கலாம்". அது தண்டனை இல்லை என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் வருந்த மாட்டார்கள். மணிக்கணக்கில் கழுத்தைத் திருப்பிப் படுத்திருக்கும் நோயாளிக்கு அது நாம் செய்ய வேண்டிய கடமை.

துளை விழுந்தபின் ஒரு விதி இரும்பு மாதிரி: திறந்த துளையின் மேல் சக்‌ஷன் போகவே கூடாது. உட்காது திரவத்தை உறிஞ்சிவிட்டால் அந்தக் காது செத்துப்போகலாம். ரத்தம் வந்தால் சிறு பஞ்சுத் துண்டு வைத்துக் காத்திருங்கள். மாணவரின் இடது கை பழக்க தோஷத்தில் சக்‌ஷனை அங்கே கொண்டுபோகும், செவிப்பறை அறுவையில் அப்படித்தானே பழகியிருக்கிறது! துளையிடும் தருணத்தில் நான் அவர் கையிலிருந்து சக்‌ஷனை வாங்கியே வைத்துவிடுவேன்.

பிஸ்டன் உட்கார்ந்ததும் சுத்தி எலும்பை மெல்லத் தொட்டு, பிஸ்டன் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஃபிளாப்பைத் திருப்பி வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாணவரையே விடுங்கள். "கேக்குது டாக்டர்" என்று அந்தப் பச்சைத் துணிக்குள்ளிருந்து வரும் குரலை அவர் முதல்முறை கேட்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்.

ஆறாவது: தவறும் முன் ஒத்திகை

அரிதான அறுவையில் அரிதான சிக்கல் வந்தால் மாணவர் அதுவரை பார்த்தே இருக்க மாட்டார். அதனால் முந்தைய நாள் மாலை பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, "இது நடந்தால்?" என்று கேளுங்கள். தட்டு மிதந்தால்? துரத்தக் கூடாது, குத்திக் குத்தி எடுக்கப் பார்க்கக் கூடாது. லேசர் இருந்தால் அதால் துளையிடலாம், இல்லையென்றால் மூடிவிட்டுப் பின்னொரு நாளைக்கு விடுவதே வீரம். துளை விழுந்ததும் திரவம் பீறிட்டால்? தலைப்பக்கத்தை உயர்த்தி, தயாராக வைத்த திசுவால் அடைத்து, மயக்க மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். முக நரம்பு எலும்பு மூடாமல் தட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தால்? கருவியை மேசையில் வைத்துவிட்டு ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். பட்டடை எலும்பு நழுவினால்? கார்டா அறுந்தால்? நோயாளி திடீரென்று "தலை சுத்துது" என்றால்?

பதில்கள் மனப்பாடமாக வர வேண்டாம். முதல் அசைவு என்ன என்பது மட்டும் தயக்கமில்லாமல் வர வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு முதல் அசைவு ஒன்றே: நிறுத்துவது.

எல்லோருக்கும் சமமாகவா?

இதில் பலருக்கு என்னோடு உடன்பாடு இருக்காது. இருக்கும் சில அறுவைகளை ஒன்பது பேருக்கும் சமமாகப் பிரிப்பது நியாயம் மாதிரி தெரியும். அப்படிப் பிரித்தால் ஒருவருக்கும் கை பழகாது. ஒன்பது நோயாளிகள் ஆளுக்கொருவராக ஒவ்வொரு மாணவரின் முதல் நோயாளியாகவே இருப்பார்கள். முட்டை, ஆட்டுத் தலை, நோயறிதல், ஃபிளாப், சுரண்டல் இவை எல்லோருக்கும் வேண்டும். நடுக்காதைத் திறந்து பார்த்து, இது தன்னால் ஆகாது என்றால் கெடுக்காமல் மூடி, சரியான இடத்துக்கு அனுப்பத் தெரிந்தவரே என் கணக்கில் தேறியவர். துளையும் பிஸ்டனும், காது அறுவையையே தொடரப் போகும், மேசையில் தேறிய ஒன்றிரண்டு பேருக்கு மட்டும். அவர்களும் பட்டம் முடித்தபின் ஒரு பெரிய மையத்தில் ஓராண்டாவது தொடர வேண்டும். இந்த முடிவை இரகசியமாக வைக்காதீர்கள். முதலாண்டிலேயே அளவுகோலை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த மாணவர் என்ற பேச்சுக்கு இடமே வரக் கூடாது.

முக நரம்பு அழுத்தம் நீக்குதல், உட்காதின் எண்டோலிம்ஃபாட்டிக் பை அறுவை போன்றவற்றுக்கும் இதே வழிதான். அவற்றின் பாதிப் படிகள் சாதாரண மாஸ்டாய்டு அறுவைக்குள்ளேயே இருக்கின்றன, பிரித்து எழுதினால் தெரியும்.

கடைசியாக: பதிவு

ஒவ்வொரு அறுவையையும் வீடியோவாகப் பதிவுசெய்து, அன்று மாலையே மாணவரோடு பத்து நிமிடம் பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கை என்ன உணர்ந்தது என்பது மறந்திருக்கும். முதலில் அவரே பேசட்டும்; எங்கே தயங்கினார் என்று அவர் காட்டியபின் நீங்கள் பேசுங்கள். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லி அனுப்புங்கள். பத்துத் திருத்தம் சொன்னால் ஒன்றும் நிற்காது.

லாக் புத்தகத்தில் "ஸ்டேபிடாட்டமி, உதவி" என்று ஒரு வரி எழுதுவதில் பயனில்லை. எந்தப் படியை யார் செய்தார், எத்தனை நிமிடம், எங்கே நாற்காலி மாறியது என்று எழுத வைக்க வேண்டும். ஓராண்டுக்குப் பின் அந்தப் பக்கங்களைப் புரட்டினால், எந்த மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

முடிவுகளையும் மாணவரே தொகுக்கட்டும். மூன்றாம் மாத ஆடியோகிராமில் காற்றுக்கும் எலும்புக்கும் உள்ள இடைவெளி 10 டெசிபெலுக்குள் வந்ததா, 4000 ஹெர்ட்ஸில் எலும்புவழிக் கேட்டல் குறைந்ததா என்ற இரண்டு எண்களும் ஒவ்வொரு பெயருக்கும் நேராக இருக்க வேண்டும். முதல் எண் பிஸ்டனைப் பற்றிச் சொல்லும், இரண்டாவது நம் கை உட்காதை எவ்வளவு உலுக்கியது என்று சொல்லும். நாக்கில் ருசி எப்படி இருக்கிறது, குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறதா என்றும் கேட்டு எழுதட்டும். நோயாளி வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிட வேண்டியதும் அவரே. அறுவைக்கு முன் வைத்த அதே 512 ஃபோர்க்கை மூன்றாம் மாதம் அதே காதில் அவர் கையாலேயே வைத்து, ரின்னே என்ன சொல்கிறது என்று எழுதியபிறகே அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.